ஒரு சுவரும் நாலு சொற்களும்

சிவகாசியில் அச்சான காலண்டர் ஒன்று வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதைத் தாங்கும் ஆணியும் சுவரில்தான் இருக்கிறது. ஆணி அடித்தபோது விழுந்த விரிசல் சுவரில் இருக்கிறது. விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு பல்லி, அதுவும் சுவரில். மூலையில் ஓர் ஏணி சுவரில் சாய்ந்து நிற்கிறது. வெளியே தெருப்பையன் சுவரில் பந்தை எறிந்து விளையாடுகிறான்.

இத்தனைக்கும் தமிழுக்கு 'சுவரில்' என்ற ஒரு சொல் போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. காலண்டரும் பல்லியும் சுவரின் பரப்பைத் தொட்டுக்கொண்டு இருப்பவை, அவற்றுக்கு 'ஆன்'. ஆணியும் விரிசலும் சுவரின் உடம்புக்குள் இறங்கியவை, அவற்றுக்கு 'இன்'. ஏணி தன் பாரத்தைச் சுவர்மீது சாய்த்திருக்கிறது, அதற்கு 'அகெய்ன்ஸ்ட்'. பையன் குறிபார்த்து எறியும் பந்துக்குச் சுவர் ஓர் இலக்கு, ஆகவே 'அட்'. ஒரே சுவர், நாலு பிரிபொசிஷன்.

பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் நின்ற மாவட்டம் விருதுநகர். அங்கேயும் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் மாணவர்கள் நின்று யோசிக்கும் இடங்களில் ஒன்று, கோடிட்ட இடத்தில் சரியான பிரிபொசிஷனைப் போடச் சொல்லும் கேள்வி. வகுப்பில் வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பது ஒரு சிறு பட்டியல்: 'இன்' என்றால் உள்ளே, 'ஆன்' என்றால் மேலே, 'அண்டர்' என்றால் கீழே. பெட்டியையும் பந்தையும் வரைந்து காட்டும்வரை இந்தப் பட்டியல் சரியாகவே வேலை செய்யும். காலண்டர் வந்ததும் உடைந்துபோகும். காலண்டர் சுவருக்கு மேலேயும் இல்லை, உள்ளேயும் இல்லை. தமிழில் 'சுவரில்' என்றுதானே சொல்கிறோம் என்று யோசிக்கிற மாணவர் 'இன்' போட்டுவிடுகிறார். ஆங்கிலக் காதுக்கு அது, சுவரைக் குடைந்து உள்ளே காலண்டரைப் பதித்ததாகக் கேட்கும். "புத்தகத்தை மேஜையில் வை" என்பதை அப்படியே 'இன் த டேபிள்' என்று மாற்றினால், கேட்பவர் மேஜை டிராயரைத் திறக்கப் போவார்.

இது கவனக்குறைவால் வரும் பிழை அல்ல. இரண்டு மொழிகளும் ஒரே உலகத்தை வேறு வேறு இடங்களில் வெட்டுவதால் வருவது. எங்கே வெட்டுகின்றன என்று ஆராய்ந்த ஒரு முக்கியமான முயற்சியில் தமிழுக்கும் பங்கு உண்டு.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே மெலிசா பவர்மன், எரிக் பெடர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 71 கோட்டுப் படங்கள் கொண்ட ஒரு தொகுப்பை உருவாக்கினார்கள். மேஜைமேல் கோப்பை, கிண்ணத்தில் ஆப்பிள், விரலில் மோதிரம், காலில் பிளாஸ்திரி, கொடியில் காயும் துணி, கடித உறையில் தபால்தலை, கோப்பையில் விரிசல் என்று எல்லாம் அன்றாடக் காட்சிகள். படத்தைக் காட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: "இது எங்கே இருக்கிறது?" உலகத்தின் பல மூலைகளில் பல மொழிக்காரர்களிடம் இந்தக் கேள்வி போனது. இருவரில் பெடர்சன் மதுரை வட்டாரத்தில் தமிழ் பேசுவோரிடையே களப்பணி செய்தவர். தமிழ் இடத்தை எப்படிச் சொல்கிறது என்று அவர் எழுதிய கட்டுரை, 2006-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'கிராமர்ஸ் ஆஃப் ஸ்பேஸ்' என்ற தொகுப்பில் இருக்கிறது.

அந்த மாதிரிப் படங்களை ஒரு வரிசையில் அடுக்கலாம் என்பது பவர்மன் கண்ட விஷயம். ஒரு முனையில் மேஜைமேல் கோப்பை, மறுமுனையில் கிண்ணத்துக்குள் ஆப்பிள். நடுவில் ஒட்டியவை, தொங்குபவை, திருகிப் பொருத்தியவை, கிளையில் காய்த்தவை. ஆங்கிலம் இந்த வரிசையில் ஒரே ஒரு வெட்டுப் போடுகிறது. ஆப்பிள் மட்டும் 'இன்', மற்றதெல்லாம் 'ஆன்'. டச்சு மொழி இரண்டு வெட்டுப் போட்டு மூன்று சொல் வைத்திருக்கிறது: அடியிலிருந்து தாங்கினால் ஒன்று, தொங்கினால் இன்னொன்று, அடங்கியிருந்தால் மற்றொன்று. ஸ்பானிய மொழி வெட்டே போடாமல் முழு வரிசைக்கும் 'என்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தலாம் என்கிறது. தமிழின் 'இல்' ஸ்பானியத்தோடு சேர்ந்தது. ஆங்கிலம் படிக்கும் ஸ்பானியரும் தமிழரும் ஒரே கல்லில் தடுக்கி விழுவதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் இடத்தைச் சொல்வதில் தமிழ் ஏழையா? இல்லவே இல்லை. ஏழாம் வேற்றுமைக்கு 'கண்' என்று பெயர் வைத்த தொல்காப்பியம், அதன் பொருளில் வரும் சொற்களாகப் பத்தொன்பதைச் சொல்லி, இவை போன்ற பிறவும் உண்டு என்று கதவைத் திறந்து வைக்கிறது. நன்னூல் அதை 28 ஆக்குகிறது. அந்தப் பட்டியல்களில் உள், அகம், புறம், மேல், கீழ், முன், பின், இடை எல்லாம் இருக்கின்றன. கண், கால், தலை, வாய் என்று உடம்பும் வந்து உட்கார்ந்திருக்கிறது. உடலுறுப்பின் பெயர் இடத்தின் பெயராக மாறுவது உலகெங்கும் நடக்கிற மொழி மாற்றம். 'முன்னால்' என்று சொல்ல ஆங்கிலத்தில் வரும் 'ஃப்ரண்ட்' என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் நெற்றி என்று பொருள்.

'இல்' என்பதற்கே ஒரு கதை இருக்கிறது. இல்லம், இல்லாள், இல்லறம் ஆகியவற்றில் வரும் 'இல்' வீடு. இடத்தைக் காட்டும் உருபும் அந்த வீட்டிலிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். பிரெஞ்சு மொழியிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 'ஒருவருடைய இடத்தில்' என்று பொருள்படும் 'ஷே' என்ற சொல், லத்தீனில் குடிசையைக் குறித்த 'காஸா'விலிருந்து வந்தது. 

ஆங்கிலம் பிரிபொசிஷனில் செய்கிற வேலையைத் தமிழ் வேறு மூன்று இடங்களில் பிரித்துச் செய்கிறது. முதல் இடம், பலர் கவனிக்காமலே தினமும் பயன்படுத்தும் 'க்கு'.

"மேஜை மேல ஃபேன் இருக்கு." "மேஜைக்கு மேல ஃபேன் இருக்கு." இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே போதும். முதல் வாக்கியத்தில் வருவது மேஜை ஃபேன், அது மேஜையைத் தொட்டு நிற்கிறது. இரண்டாவது சீலிங் ஃபேன், அதற்கும் மேஜைக்கும் நடுவே காற்று இருக்கிறது. நடுவில் வந்த 'க்கு'தான் அந்த இடைவெளி. ஆங்கிலம் இதே வேறுபாட்டை 'ஆன்', 'அபவ்' என்று இரண்டு சொல்லாக வைத்திருக்கிறது. தமிழ்க் குழந்தைக்கு இந்த வேறுபாடு பள்ளிக்கு வரும் முன்னாலேயே தெரியும். தெரிந்ததைச் சுட்டிக்காட்டாமல் 'ஆன் என்றால் மேலே, அபவ் என்றாலும் மேலே' என்று சொல்லிக்கொடுத்துக் குழப்புகிறோம். "நடுவில் 'க்கு' போட்டுச் சொல்லத் தோன்றுகிறதா? அப்படியென்றால் 'அபவ்'" என்று ஒரு வரி சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொரு சுவர் உதாரணமும் உண்டு, இதில் தமிழ் ஆங்கிலத்தைவிட நுட்பமானது. பல்லி சுவரில் இருக்கிறது, பூனை மதில் மேல் இருக்கிறது. ஒன்று சுவரின் முகத்தில் ஒட்டியிருக்கிறது, மற்றொன்று அதன் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுமே 'ஆன் த வால்'. எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாத மதில்மேல் பூனையை ஆங்கிலமாக்கினால், கேட்பவருக்கு அது பல்லியைப் போலச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதாகக்கூடத் தோன்றலாம்.

இரண்டாவது இடம், உயர்திணை. பணம் பெட்டியில் இருக்கும், அப்பாவிடம் இருக்கும். ஊருக்குப் போகலாம், டாக்டரிடம் போகலாம். பேச்சில் 'அப்பாகிட்ட', 'டாக்டர்கிட்ட'. மனிதரைப் பாத்திரம்போலவோ ஊர்போலவோ நடத்தத் தமிழுக்கு மனம் வருவதில்லை, ஆகவே 'இல்', 'கு' ஆகியவற்றுக்குப் பதிலாக 'இடம்' வருகிறது. ஆங்கிலம் இந்த மரியாதையைக் காட்டுவதில்லை. ஊருக்கும் 'டு', டாக்டருக்கும் 'டு'. இந்த இடத்தில் தமிழர் பிழை செய்வது குறைவு, ஏனென்றால் தம்மிடம் உள்ள வேறுபாட்டை மறந்தால் போதும், புதிதாக ஒன்றைக் கற்க வேண்டியதில்லை.

மூன்றாவது இடம்தான் பெரியது. அது வினைச்சொல். அதைத் தொடும் முன் 'அட்' என்ற சின்னச் சொல்லை முடித்துவிடலாம்.

விருதுநகர் ஜங்ஷனிலிருந்து ஒரு பாதை சாத்தூர் பக்கம் போகிறது, ஒன்று சிவகாசி வழியாகத் தென்காசிக்கு, ஒன்று அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு, ஒன்று மதுரைக்கு. ரயில் விருதுநகரில் நிற்கிறது. மக்கள் விருதுநகரில் வாழ்கிறார்கள். தமிழில் இரண்டும் 'விருதுநகரில்'. ஆங்கிலத்தில் ரயில் 'அட் விருதுநகர்', மக்கள் 'இன் விருதுநகர்'. ரயிலுக்கு அந்த ஊர் தன் பாதையில் ஒரு புள்ளி. குடியிருப்பவருக்கு அது தெருவும் சந்தையும் பள்ளிக்கூடமும் உள்ள பரப்பு, அதற்குள்தான் அவர் இருக்கிறார். ஊர் மாறவில்லை, பார்க்கிற தூரம் மாறியிருக்கிறது. வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும் தூரத்துக்கு மனசு விலகிப்போனால் 'அட்', தெருவில் இறங்கி நடந்தால் 'இன்'.

இந்த 'அட்' சட்டத்தோடு சம்பந்தப்பட்ட ஓர் உதாரணம் சிவகாசியின் பட்டாசுத் தொழிலிலேயே இருக்கிறது. 1999-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி விதிப்படி, வெடிக்கும் புள்ளியிலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. தமிழில் 'தூரத்தில்' என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் நிற்பது 'அட்'. வெடியைச் சுற்றி 4 மீட்டரில் ஒரு வட்டக் கோடு, அந்தக் கோட்டின்மேல்தான் கருவியை வைத்து அளக்க வேண்டும். அங்கே 'விதின்' என்று இருந்திருந்தால், அதாவது 4 மீட்டருக்குள் எங்கே அளந்தாலும் என்று ஆகியிருந்தால், கணக்கே மாறிவிடும். திறந்தவெளியில் தூரம் பாதியானால் ஒலி அளவு ஏறக்குறைய 6 டெசிபல் ஏறும். 4 மீட்டரில் 125 காட்டும் வெடி 2 மீட்டரில் 131 காட்டும், 1 மீட்டரில் 137 காட்டும். சட்டப்படி சரியான வெடி ஒரே சொல்லால் சட்டவிரோதமாகிவிடும். விதியைத் தமிழில் எழுதுவோர் 'தூரத்தில்', 'தூரத்துக்குள்' என்ற இரண்டையும் கலந்துவிடாமல் இருப்பதும் இதே அளவுக்கு முக்கியம்.

அந்த விதியிலேயே இன்னொரு சொல், 'ஃப்ரம்'. தமிழில் 'இடத்திலிருந்து'. இந்த 'இருந்து' வேறெதுவும் இல்லை, 'இரு' என்ற வினையின் எச்சம்தான். 'சிவகாசியிலிருந்து வந்தார்' என்பதைப் பிரித்தால் 'சிவகாசியில் இருந்து, வந்தார்'. முதலில் அங்கே இருந்தார், பிறகு வந்தார். ஒரு வினை தேய்ந்து உருபுபோல ஆகிவிட்டது. இங்கிருந்துதான் மூன்றாவது இடம் தொடங்குகிறது.

தீபாவளி இரவு. மொட்டைமாடியில் ஒரு கண்ணாடிப் பாட்டில், அதற்குள் ஒரு ராக்கெட். திரியில் ஊதுபத்தியை வைத்தால் அது சீறிக் கிளம்பி, மேலே ஏறி, எதிர்வீட்டு ஓட்டைத் தாண்டி, வானத்தில் வெடித்து, குச்சி மட்டும் கீழே இறங்கி யார் வீட்டு மாடியிலோ விழுகிறது. கிளம்பி, ஏறி, தாண்டி, இறங்கி: ராக்கெட்டின் பாதையை ஒவ்வோர் அடியாகச் சொல்வது வினைச்சொற்கள். ஆங்கிலக்காரர் இதே காட்சிக்குப் 'பறந்தது' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு, பின்னால் சின்னச் சொற்களை வரிசையாகக் கோத்துவிடுவார்: 'அவுட் ஆஃப்' பாட்டில், 'அப்', 'ஓவர்' கூரை, 'இன்டு' வானம். குச்சிக்கு 'டவுன்', 'ஆன்டு'. பாதை முழுக்க அந்தச் சின்னச் சொற்களிலேயே இருக்கிறது.

உலக மொழிகளை இந்த வேறுபாட்டின்படி இரண்டு பெரிய குழுக்களாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் டால்மி. பாதையை வினைக்குள் வைப்பவை ஒரு குழு, வினைக்கு வெளியே சிறு துணைச் சொல்லில் வைப்பவை இன்னொரு குழு. ஸ்பானியம், பிரெஞ்சு, ஜப்பானியம் முதல் குழு. ஆங்கிலமும் ஜெர்மனும் இரண்டாவது. தமிழ் முதல் குழுவின் போக்கில் இருப்பதை ராக்கெட்டே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் பிரிபொசிஷனாக இருப்பவற்றுக்குத் தமிழ் தரும் விடைகளும் பெரும்பாலும் வினையெச்சங்களே: சாலையைத் 'தாண்டி', மலையைச் 'சுற்றி', சுவரை 'ஒட்டி', கிழக்கு 'நோக்கி', பஸ்ஸை 'விட்டு'. ஆங்கிலத்தில் அசையாமல் நிற்கிற சொற்கள், தமிழில் நடந்துகொண்டே இருக்கின்றன.

இதைப் புரிந்துகொண்டால் நம் ஊர் ஆங்கிலத்தின் சில பழக்கங்களுக்கு விளக்கம் கிடைக்கும். 'கெட் டவுன் ஃப்ரம் த பஸ்' என்று நாம் சொல்வது, 'பஸ்ஸை விட்டு இறங்கு' என்பதில் உள்ள இறக்கத்தை ஆங்கிலத்திலும் காப்பாற்றுகிறது. லண்டனில் 'கெட் ஆஃப்' என்பார்கள். அவர்களுக்குப் பஸ்ஸை விட்டு விலகுவதுதான் பேச்சு, இறங்குவது அல்ல.

'என்டர்ட் இன்டு த ரூம்', 'ரீச்ட் டு சிவகாசி' என்று எழுதுவதும் இப்படித்தான். 'அறைக்குள் நுழைந்தான்' என்பதில் 'உள்' தனியாக இருக்கிறது, 'நுழை'யிலும் உள்ளே போவது இருக்கிறது. தமிழ் இரண்டையும் அனுமதிக்கிறது. ஆங்கிலத்தில் 'என்டர்' ஒரு விதிவிலக்கான சொல். அது பிரெஞ்சு வழியாக வந்தது. பாதையைத் தன் வயிற்றிலேயே சுமந்து வந்தது. 'கிராஸ்', 'அப்ரோச்', 'டிசென்ட்' போன்றவையும் இந்த ரகம். பாதை வினைக்குள்ளேயே இருப்பதால் பின்னால் 'இன்டு', 'டு' தேவைப்படுவதில்லை. 'கோ', 'ரன்', 'ஜம்ப்' போன்ற சின்னச் சின்ன வினைகளுக்குத்தான் துணை வேண்டும். எந்த வினைக்குப் பின்னால் பிரிபொசிஷன் வேண்டாம் என்று மனப்பாடம் செய்வதைவிட, 'இந்த வினை நம் 'நுழை', 'கட', 'நெருங்கு' போலப் பாதையைச் சொல்லிவிடுகிறதா?' என்று கேட்டுப் பார்ப்பது எளிது.

'வென்ட் டு ஹோம்' தவறு, 'வென்ட் ஹோம்' சரி என்பதையும் விதிவிலக்காக மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை. பழைய ஆங்கிலத்தில் வீட்டைக் குறிக்கும் சொல்லை இரண்டாம் வேற்றுமையில் வைத்தாலே 'வீட்டை நோக்கி' என்று பொருள் வந்துவிடும். உருபு தேய்ந்து போனாலும் பழக்கம் தங்கிவிட்டது. தமிழிலும் 'வீடு திரும்பினார்', 'ஊர் வந்து சேர்ந்தார்', 'படகு கரை சேர்ந்தது' என்கிறோம், எங்கும் 'க்கு' இல்லை. வீடு, ஊர், கரை என்று நெருக்கமான இடங்களுக்கு இரண்டு மொழியும் ஒரே சலுகையைத் தருகின்றன.

'டு', 'இன்டு', 'ஆன்டு' மூன்றையும் பிரிக்க வினை உதவும். தமிழில் 'க்கு' வந்தால் பெரும்பாலும் 'டு': சாத்தூருக்குப் போனார். 'இல்' வந்து, கூடவே போடு, ஊற்று, விழு, குதி போன்ற வினை வந்தால், பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுகிறது என்று அர்த்தம். அப்போது உள்ளே போனால் 'இன்டு', பரப்பில் இறங்கினால் 'ஆன்டு'. எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை வாளித் தண்ணீரில் போடுகிறோம், 'இன்டு'. ராக்கெட் குச்சி மாடியில் விழுகிறது, 'ஆன்டு'. 'இல்' வந்து, 'இரு' மட்டும் வந்தால் மறுபடி அந்தச் சுவருக்கே திரும்ப வேண்டும்.

'வழியாக' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே விடை கிடையாது. திருத்தங்கல் வழியாகப் போகும் பஸ் ஊருக்குள் புகுந்து வெளியே வருவதால் 'த்ரூ'. கண்மாய்க் கரை வழியாக நடப்பவர் அதன் நீளத்தைத் தொடர்ந்து போவதால் 'அலாங்'. பாலம் வழியாகப் போனால் 'ஓவர்' அல்லது 'அக்ராஸ்'. சுற்றிலும் சூழ்ந்திருக்கிறதா, நீளவாக்கில் போகிறதா, குறுக்கே வெட்டுகிறதா என்ற மூன்று கேள்விதான்.

பஸ் விஷயத்தில் ஒரு கேள்வி அடிக்கடி வரும். காருக்கும் ஆட்டோவுக்கும் 'இன்', பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் 'ஆன்', ஏன்? நிமிர்ந்து நடக்கக்கூடிய தளம் உள்ள வாகனம் கப்பலின் தளம்போல மனசில் நிற்கிறது என்பது ஒரு விளக்கம். இன்னொன்றும் உண்டு: 'ஆன் த பஸ்' என்பதில் பயணம் அடங்கியிருக்கிறது. டெப்போவுக்குப் பின்னால் டயர் கழற்றிப் போட்டிருக்கும் பழைய பஸ்ஸுக்குள் பிள்ளைகள் ஒளிந்து விளையாடினால், அவர்களை ஆங்கிலம் 'இன் த பஸ்' என்றுதான் சொல்லும். பஸ் ஓடாதபோது அது வெறும் பெட்டி.

தமிழ்க் குழந்தைகள் வினையை எவ்வளவு கூர்மையாகப் பிடிக்கிறார்கள் என்பதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. புவனா நரசிம்மன், மரியான் குல்பெர்க் என்ற இருவர் தமிழ், டச்சு பேசும் நாலைந்து வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டு 2011-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு பொருளை மேஜைமேல் நேராக வைத்தால் ஒரு சொல், கிடத்தி வைத்தால் இன்னொரு சொல் என்று டச்சு மொழியில் தனித்தனி வினைகள் உண்டு. குழந்தைகள் அவற்றை நாள்முழுக்கக் கேட்கிறார்கள். தமிழில் பொதுவாக 'வை' என்று சொல்லிவிடுவோம். தேவைப்பட்டால் மட்டும் 'நிக்க வை', 'படுக்க வை'. அபூர்வமாகவே காதில் விழும். ஆனாலும் தமிழ்க் குழந்தைகள் நாலு வயதிலேயே இவற்றைச் சரியாகப் பயன்படுத்தினார்கள், டச்சுக் குழந்தைகள் ஐந்து வயதிலும் தடுமாறினார்கள். காரணம், 'நிக்க வை' என்பதில் நிற்பதும் வைப்பதும் தனித்தனியாக, கண்ணாடிபோலத் தெரிகின்றன. புஸ்வாணத்தை நிக்க வைக்க வேண்டும் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. ஒரு சொல் எத்தனை முறை காதில் விழுகிறது என்பதைவிட அது எவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரிகிறது என்பது முக்கியம் என்று அந்த ஆய்வு காட்டியது. ஆங்கிலப் பிரிபொசிஷனைக் கற்பிக்கிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய முடிவு இது.

இறுக்கமும் இப்படி வினையில் ஏறும் விஷயம். பட்டாசுக் குழாயில் திரியைச் 'செருகுவார்கள்', பெட்டியில் வெடியைப் 'போடுவார்கள்', ஆணியில் காலண்டரை 'மாட்டுவார்கள்'. கொரிய மொழியில் இது இன்னும் கறாராக இருக்கிறது. இறுகப் பொருந்தும் எதற்கும் ஒரே வினை, அது விரலில் மோதிரமாக இருந்தாலும் உறைக்குள் கேசட்டாக இருந்தாலும் சரி. ஆங்கிலம் அவற்றை 'ஆன்', 'இன்' என்று பிரித்துவிடும். சூஞா சோயும் பவர்மனும் 1991-ல் இதை எழுதியபிறகு, குழந்தைகளுக்கு எந்தப் பிரிவு இயற்கையாக வருகிறது என்ற கேள்வி எழுந்தது. 2004-ல் 'நேச்சர்' இதழில் சூசன் ஹெஸ்பாஸ், எலிசபெத் ஸ்பெல்கி வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஐந்து மாதக் குழந்தைகூட இறுக்கமான பொருத்தத்தையும் தளர்வான பொருத்தத்தையும் வேறுபடுத்திப் பார்ப்பதைக் காட்டியது. அவர்கள் வீட்டு மொழி கேட்காத வேறுபாட்டையும் குழந்தையின் கண் பார்க்கிறது. வளர வளரத்தான் மொழி கேட்பதை மட்டும் கவனிக்கப் பழகுகிறோம்.

பெடர்சனின் மதுரைப் பக்கத்து வேலையில் இன்னொரு பகுதி இருக்கிறது, விருதுநகர்க்காரர்களுக்கு அது வீட்டு விஷயம். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. நிலம் அங்கிருந்து கிழக்கே சரிகிறது, வைப்பாறும் அந்தச் சரிவிலேயே ஓடுகிறது. மேல் இருப்பது மேற்கு, கீழ் இருப்பது கிழக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் 'மேல ரத வீதி' என்றால் மேடான வீதி என்று அர்த்தமில்லை, கோயிலுக்கு மேற்கே உள்ள தேரோடும் வீதி. 'மேல' என்பதை 'அப்பர்' என்று மொழிபெயர்ப்பவர் மலையேறத் தயாராகிவிடுவார்.

கிராமத்தில் இந்தத் திசைகள் தெருவோடு நிற்பதில்லை. இலையில் சோறு வைக்கும்போதும், கட்டிலை நகர்த்தும்போதும் 'கொஞ்சம் வடக்கே தள்ளு' என்பார்கள். நகரத்தில் 'இடது பக்கம்' என்பார்கள். ஒரே தமிழுக்குள் இப்படி இரண்டு பழக்கம் இருப்பதைப் பெடர்சன் எடுத்துக்கொண்டார். ஒரு மேஜையில் பொம்மை விலங்குகளை வரிசையாக வைத்து, பார்த்தவரைத் திருப்பி நிறுத்தி, பின்னால் இருக்கும் மேஜையில் அதேபோல அடுக்கச் சொல்வது சோதனை. இடது-வலது மனசில் இருந்தால் வரிசை அவருடன் சேர்ந்து திரும்பும். திசை மனசில் இருந்தால் விலங்குகள் முன்பு பார்த்த அதே திசையைப் பார்க்கும். திசைச் சொல் பேசும் கிராமத்தார், பேசாமல் செய்யும் இந்த வேலையிலும் திசையைக் காப்பாற்றும் போக்கைக் காட்டினார்கள். மொழிதான் பார்வையை மாற்றுகிறதா, சுற்றியுள்ள நிலமும் வாழ்க்கையுமா என்பதில் ஆய்வாளர்கள் 2002-ல் கட்டுரைக்குக் கட்டுரை எழுதி மோதிக்கொண்டார்கள்.

சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு சிறுமியிடம் ஆங்கிலப் பாடப் படத்தைக் காட்டி, மரம் வீட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால், அவள் முதலில் தேடுவது கிழக்கை. படத்தில் கிழக்கு இல்லை. 'ஆன் த லெஃப்ட்' என்ற சொல்லோடு, தன் உடம்பை நடுவில் வைத்துப் பார்க்கும் அந்தப் பார்வையையும் சேர்த்தே அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.